பின்பக்கத்தில் விட்டுவைத்த அழுக்கு

போன மாதம் ஒரு நாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது சுகன்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது என் மேசையில் உட்காருகிறவள்.

"அக்கா, புது மிஷினு வந்துட்ச்சு. சின்னத் தொட்டி மாதிரி கீது. தண்ணி ஊத்தி, சாமானை உள்ள வுட்டு, பட்டனைத் தட்டுனா போதும். நீங்க ஒரு வாரம் குந்திகினு தேய்ப்பீங்களே, அது பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது. முன்னாடி, பின்னாடி, ஒரு பொட்டு அழுக்கு இல்லக்கா."

"பின்னாடியுமா போயிடுது?"

"சுத்தமா."

"அப்போ நிறுத்து. நான் வர்ற வரைக்கும் எதையும் உள்ள போடாத."

அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து கோவளம். இருபத்தாறு வருடம் ஏறி இறங்கிய அதே இரண்டு பஸ். போய்ப் பார்த்தேன். மிஷின் நல்ல மிஷின்தான், குறை சொல்ல மாட்டேன். அது என் காலத்தில் வந்திருந்தால் என் வலது தோள்பட்டை இன்றைக்கு இப்படி வலிக்காது. ஒரு ரேடியோ முகப்பின் பின்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மெழுகைத் தடவி ஒட்டி, அதற்குப் பிறகு தொட்டியில் போடச் சொன்னேன். எடுத்து மெழுகை உரித்தபோது அந்த இடத்தில் மட்டும் பழைய அழுக்கு அப்படியே இருந்தது.

"எதுக்குக்கா இதை மட்டும் வுடணும்?" என்று அங்கிருந்த மூன்று பெண்களும் கேட்டார்கள். சொன்னேன். கேட்டு முடித்ததும் சுகன்யா, "எழுதியே குடுத்துடுங்கக்கா, அடுத்து வர்றவங்களுக்கும் ஆவும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை பழைய கார்களைப் புதுப்பிக்கும் இடம். ஈ.சி.ஆரிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக உள்ளே போனால் கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. எஞ்சினுக்கு ஒருவர், தகர வேலைக்கு ஒருவர், சீட்டு தைக்க ஒருவர். அந்தக் கார்களின் ரேடியோ என் பொறுப்பு. ரேடியோ என்றால் பாடுகிற பகுதி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பகுதி. முன்னால் இருக்கும் குரோம் முகப்பு, திருப்புகிற குமிழ்கள், அழுத்துகிற பொத்தான்கள், எண்கள் எழுதிய டயல் கண்ணாடி. இவற்றைச் சுத்தம் செய்து, வந்த நாளில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ நீ சரி பண்ணா பாடுமா?"

"பாடாதும்மா."

"பின்ன இன்னாத்துக்கு?"

"பாக்கறதுக்கு."

திருப்போரூர் வரும்வரை அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எனக்குச் சொந்த ஊர் கருங்குழி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் பத்தாவது முடித்து, ஆறேழு வருடம் அவர்களோடு நடவுக்குப் போய், பிறகு செங்கல்பட்டில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் சேர்ந்தேன். பதினோரு வருடம் சுழலும் துணிச் சக்கரத்தின் முன்னால் நின்றேன். குழாய்த் திருகு, சைக்கிள் மணி, கதவுக் கைப்பிடி, எதைக் கொடுத்தாலும் முகம் தெரிகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். அந்தப் பட்டறையை மூடினார்கள். முப்பத்து நான்கு வயதில், பளபளப்பைப் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்ற நினைப்போடு கோவளத்துக்கு வந்தேன். முதல் ஆறு மாதம், தெரிந்ததை மறப்பதற்கே சரியாக இருந்தது. துணிச் சக்கரம் பளபளப்பைக் கொடுக்கும், கூடவே விளிம்பைத் தின்றுவிடும், பொறித்த எழுத்தை மழுக்கிவிடும். பழைய ரேடியோவுக்கு விளிம்பும் எழுத்தும்தான் உயிர்.

எங்கள் மேஸ்திரி ரஹீம், கோவளத்துக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை மேஸ்திரி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். பெல்ட் போட மாட்டார், வாட்ச் கட்ட மாட்டார். சாய்ந்து நிற்கும்போது பக்கிள் உரசினால் குரோமில் கீறல் விழும் என்பார். என் கண்ணாடி வளையல்களையும் மோதிரத்தையும் முதல் நாளே கழற்றச் சொல்லி, மேசைக்கு மேலே எனக்கென்று ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். சாமானைத் தொடும் முன் நல்ல தண்ணீரில் கை கழுவித் துடைக்க வேண்டும், வேர்வையும் உப்புதான். மேற்பார்வை பார்க்க வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்னும் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும் என்று நமக்குத் தோன்றும் பாருங்கள், சரியாக அந்த நொடியில், "போதும்க்கா, வுடுங்க" என்பார். அது எனக்குக் கோபத்தைக் கிளப்பும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

நான்காவது வாரம் ஒரு டயல் கண்ணாடியைக் கொடுத்தார். முன்பக்கம் சுத்தமாகிவிட்டது. பின்பக்கம் பழுப்பாக ஒரு படலம். ஈரத்துணியால் துடைத்தேன். அழுக்கு நன்றாக வருகிறதே என்று சந்தோஷத்தில் இன்னொரு முறை துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் அதில் எண்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று கண்ணாடியிலிருந்து வரிசையாகக் கழன்று துணிக்கு வந்திருந்தன. அந்த எண்கள் கண்ணாடியின் பின்பக்கத்தில் பெயிண்டில் அச்சிட்டவை. இத்தனை வருடத்தில் பிடிப்பு விட்டு, வெறும் தூசி போல நின்றுகொண்டிருக்கும். ஈரம் பட்டால் முடிந்தது கதை.

ரஹீம் வந்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார்.

"நாஸ்தா துன்னீங்களாக்கா?" என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் எதிரிலேயே காரின் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். "சார், உங்க டயல் கண்ணாடி என் கையில கெட்டுப்போச்சு. ஆமா சார். என் தப்புதான்." அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். அலமாரியிலிருந்து இன்னொரு டயல் கண்ணாடியை எடுத்து என் முன்னால் வைத்தார். அது முந்தையதைவிட மோசமான நிலையில் இருந்தது.

"இதைப் பண்ணுங்க."

"நாளைக்குப் பண்றேன் மேஸ்திரி."

"இன்னிக்கே. இன்னிக்கு தொடலேன்னா நாளைக்குக் கை நடுங்கும்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. அணில் முடியில் செய்த மெல்லிய தூரிகையை எடுத்து, எண்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை மட்டும் உலர்ந்தபடியே தட்டித் தட்டி எடுத்தேன். சாயங்காலம் ஆயிற்று. ஓர் எண்கூடப் போகவில்லை. முதல் கண்ணாடிக்குச் செங்கல்பட்டில் ஒருவர் அதே எழுத்தை அச்சு போட்டுக் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அது வேறு கண்ணாடி.

அந்தப் பட்டறையில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சாமானைச் சுத்தம் செய்தாலும் பின்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரு நகம் அளவுக்கு வந்த அழுக்கை அப்படியே விட்டுவைக்க வேண்டும். வீட்டைப் பெருக்கி மூலையில் ஒரு கைப்பிடி குப்பையை விட்டுவைக்கிற மாதிரி எனக்கு உறுத்தும். ஒருநாள் பொறுக்க முடியாமல் அதையும் துடைத்துவிட்டேன். ரஹீம் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய், மாதிரிக்காக வைத்திருந்த ஒரு முகப்பைக் கொண்டுவந்தார். அது அதே மாடலுக்கு இந்தக் காலத்தில் புதிதாகச் செய்தது. இரண்டையும் குப்புறப் போட்டு, கண்ணை மூடச் சொல்லி, இடம் மாற்றி வைத்தார்.

"இப்போ சொல்லுங்க. இதுல எது ஓனரோடது?"

இடது பக்கம் இருந்ததைக் காட்டினேன். திருப்பினார். அது புதிதாகச் செய்தது.

"உங்களுக்கே தெரியலன்னா ஓனருக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார். அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் அந்த அழுக்கைத் துடைத்ததில்லை.

என் வேலையில் எல்லாவற்றையும்விடக் கடினமாக வந்தது சிவப்பிரகாசம் சாருடைய ரேடியோ. கட்டட காண்டிராக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் பங்களா. அங்கே ஒரு கொட்டகையில் நாற்பது வருடமாக ஒரு வெளிநாட்டுக் கார் நின்றுகொண்டிருந்தது. மூன்று மாதத்தில் மாமல்லபுரத்தில் பழைய கார்களின் கண்காட்சி. அதில் 'ஒரிஜினல்' என்று ஒரு பிரிவு உண்டு. எல்லாப் பாகமும் காரோடு பிறந்ததாக இருக்க வேண்டும். புதிதாகச் செய்த பாகம் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அந்தப் பிரிவில் தன் கார் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ரேடியோவை மேசையில் வைத்தபோது நான் இரண்டடி பின்னால் போனேன். கருவாட்டில் உப்புப் பூத்த மாதிரி முகப்பு முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. குமிழ்கள் டீத்தூள் நிறம். ஐந்து பொத்தான்களில் ஒன்றை டிரைவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தார். டயல் கண்ணாடியில் ஒவ்வோர் எண்ணும் வெயிலில் உரிந்த தோல் போல ஓரத்தில் சுருண்டு நின்றது. பலமாகத் தும்மினால் பாதி எண்கள் பறந்துவிடும்.

ரஹீம் அன்றைக்கே என்னைக் கேட்டார். "அக்கா, ரெண்டு வழி கீது. இந்த மாடலுக்குப் புதுசா செஞ்ச செட்டு வெளிநாட்டுல கெடைக்குது. ஒரு மாசத்துல வந்துடும், மாட்டிட்டு மார்க்கு போனா போவுதுன்னு வுட்டுடலாம். இல்லேன்னா இதையே எடுக்கணும். எடுக்க முடியுமான்னு நீங்கதான் சொல்லணும்."

அதற்குள் எனக்கு இருபது வருட அனுபவம். ஆனாலும் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், "எடுக்கலாம் மேஸ்திரி" என்றேன்.

தண்ணீர் படும் முன் செய்ய வேண்டிய வேலை, கழற்றிய முகப்பின் பின்பக்கத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பது. வார்ப்பின் மேடு பள்ளம், விரிசல், கீறல் எல்லாம் தாளில் இறங்கிவிடும். இந்த முகப்பில் ஒரு மூலையில் முடி போல ஒரு விரிசலும், யாரோ பழைய மெக்கானிக் ஆணியால் கீறிய இரண்டு கோடும் இருந்தன. அந்தத் தாளில் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ரஹீமின் பழக்கம். சிவப்பிரகாசம் சார் போனில் பேசிக்கொண்டே, எதற்கு என்று கேட்காமல் போட்டுவிட்டுப் போனார்.

முகப்பு கழல வேண்டுமானால் அதற்கு முன் குமிழ் வர வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் உடைந்துவிடும். அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். பாவாடை நாடாவைக் குமிழின் பின்னால் ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து நேராக இழுத்தேன். டக்கென்று கையோடு வந்தது. பத்து ரூபாய் நாடா செய்கிற இந்த வேலையை வேறு எந்தக் கருவியும் எனக்குச் செய்து கொடுத்ததில்லை.

முகப்பைக் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவில் தூரிகை தொட்டுக் கழுவினேன். குழாய்த் தண்ணீர் கூடாது, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான். நனைத்து எடுத்து, துடைத்து, மறுபடி புதுத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் காயவைப்பேன். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தால் இன்னும் உப்பு இறங்குகிறது என்று அர்த்தம். ஒன்பது தண்ணீர் மாற்றிய பிறகுதான் வளையம் நின்றது. குரோமில் இருந்த துருவுக்குச் சாப்பாடு கட்டும் வெள்ளித்தாளைக் கசக்கி, ஈரமாக்கி, வட்டமாக உருட்டினேன். துரு கரும்பசையாக வந்தது, அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. கீழ் ஓரத்தில் சில ஊசித்துளைப் பள்ளங்கள் நின்றுவிட்டன. எனக்குள் இருந்த முலாம் பட்டறைக்காரிக்கு அதைச் சும்மா விட மனமில்லை. புதிதாக முலாம் போட்டுவிடலாமா என்றேன்.

"போட்டா பள்ளம் போயிடும், விளிம்பும் போயிடும். போதும்க்கா, வுடுங்க."

விட்டேன். மெழுகு மட்டும் தடவினேன்.

பொத்தான்களை வெள்ளையாக்கக் கூடாது. அவை பிறந்தது தந்த நிறத்தில். டிரைவர் கெடுத்ததை மட்டும் தண்ணீரில் நனைத்த மிக நைசான தாளால், ஒன்றைவிட ஒன்று நைசாக நான்கு தாள் மாற்றித் தேய்த்து, பொறித்த எழுத்து மழுங்காமல் மற்ற நான்கோடு சேர்த்தேன். முகப்பில் வரிவரியாக இருக்கும் பள்ளங்களில் கறுப்பு பெயிண்டை நிரப்பி, அது பாதி காய்ந்ததும், கல்யாணப் பத்திரிகை அட்டையில் துணி சுற்றிக் குறுக்கே ஒரே இழுப்பு. அட்டை விறைப்பாக இருப்பதால் துணி பள்ளத்துக்குள் இறங்காது. மேலே உள்ளது வந்துவிடும், உள்ளே உள்ளது நின்றுவிடும்.

கண்ணாடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நிறமில்லாத வார்னிஷை நன்றாக நீர்க்கச் செய்து, கடைசி ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கோட்டில் மட்டும் தொட்டுவைத்து ஒரு நாள் பார்த்தேன். பெயிண்ட் கரையவில்லை. அதன் பிறகுதான் எண்களுக்குப் போனேன். சுருண்ட ஓரத்துக்குப் பக்கத்தில் தூரிகை நுனியை வைத்தால் வார்னிஷ் தானாக அடியில் ஓடும். ஓடிய இடத்தில் எண் மெல்லப் படுக்கும். படுக்காததை நாம் அழுத்தக் கூடாது, மறுநாள் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, புடவைத் தலைப்பை மூக்கின் மேல் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் எண். இருபத்து மூன்று நாள். ஓர் எண்ணும் போகவில்லை.

ரஹீம் அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து கீழே வைத்துவிட்டு, "நாஸ்தா துன்னீங்களா?" என்றார். மணி சாயங்காலம் நான்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலூரில் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஸ்டெல்லா, திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டரில் என்னை மாமல்லபுரத்துக்குக் கூட்டிவந்தாள். நான் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். சவுக்கு மரங்களுக்கு இந்தப் பக்கம் மைதானத்தில் நாற்பது ஐம்பது கார்கள் நின்றன. எங்கள் கார் பச்சையாக, கதவு திறந்து நின்றது. கூட்டம் எட்டிப் பார்த்து, "ரேடியோவைப் பாருடா" என்று சொல்லும்போதெல்லாம் ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள்.

நடுவர் வந்தார். வயதானவர், கோட்டு போட்டவர், கையில் அட்டையும் டார்ச்சும். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். ரேடியோவில் டார்ச் அடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து சிவப்பிரகாசம் சாரிடம் சொன்னார்.

"சாரி சார். இது ரீப்ரொடக்ஷன். நல்லா செஞ்சிருக்காங்க, ஆனா புதுசு. கடலோரத்துல நாற்பது வருஷம் நின்ன கார்ல டயல் எழுத்து இப்படி இருக்காது. மார்க் குறைக்கத்தான் வேணும்."

சிவப்பிரகாசம் சாருக்கு முகம் மாறிவிட்டது. "நான் ஒரிஜினலைத்தான் சார் குடுத்தேன்!" என்றவர் ரஹீமிடம் திரும்பினார். "ஏன்யா, புது செட்டு வெளிநாட்டுல கிடைக்குதுன்னு நீதானே சொன்னே? அதை மாட்டிட்டு என்னோடத எங்க வித்தே?"

"விக்கல சார். இது உங்களோடதுதான்."

"பின்ன அவர் பொய் சொல்றாரா? யார் கையில இருந்துச்சு அது?" அவர் கண் என் மேல் வந்து நின்றது. "இந்தம்மா கையிலதானே மூணு மாசம் இருந்துச்சு? கேளு, எங்க போச்சுன்னு."

சுற்றிலும் இருபது முப்பது பேர். என் வாழ்நாளில் யாருடைய பொருளையும் எடுத்தவள் என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. அதுவும் என் பெண்ணை வைத்துக்கொண்டு. ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ரஹீம் வாதாடவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, கழட்டிக் காட்டுங்க" என்றார்.

நான் நடுவரிடம் போனேன். "சார், முகப்பைக் கழட்டி உங்க கையில குடுக்கறேன். பின்பக்கம் பாருங்க. அப்புறம் இன்னா மார்க்கு வேணும்னாலும் போடுங்க."

"இங்கேயா? எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"பத்து நிமிஷம்."

அவர் மணி பார்த்துத் தலையசைத்தார். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். பாட்டில் தண்ணீரில் கை கழுவித் துடைத்தேன். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என் கைப்பையில் எப்போதும் ஒரு நாடா இருக்கும். இடது குமிழுக்கு ஒரு சுற்று, நேராக ஓர் இழுப்பு. டக். வலது குமிழ். டக். அடியில் இரண்டு நட்டு. ரஹீம் நீட்டிய ஸ்பேனரில் துணி சுற்றித் திருகினேன். மூன்று மாதம் தினமும் தொட்ட பொருள், என் கைக்கு அது தெரியும்.

முகப்பை எடுத்து, முன்பக்கம் என் உள்ளங்கையில் படும்படி கவிழ்த்து, நடுவரிடம் நீட்டினேன்.

பின்பக்கம், வலது மூலையில், நகம் அளவுக்கு அந்த அழுக்கு. பச்சையும் வெள்ளையும் பூத்த உப்பு, அடியில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கும் சுத்தம் செய்த இடத்துக்கும் நடுவே கத்தரித்தது போல ஒரு கோடு.

"மொத்தமும் இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றேன். "தொடைச்சது நான். இதை மட்டும் மேல மெழுகு ஒட்டி வுட்டு வெச்சேன்."

அவர் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். மூக்குக்கு அருகில் வைத்து முகர்ந்துகூடப் பார்த்தார். இதற்குள் ரஹீம் தன் பையிலிருந்து ஃபைலை எடுத்து, அந்தப் பென்சில் தாளை நீட்டினார். நடுவர் தாளை முகப்பின் பக்கத்தில் பிடித்தார். முடி விரிசலுக்கு முடி விரிசல். ஆணிக் கீறல் இரண்டுக்கு இரண்டு. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாளின் அடியில் இருந்த கையெழுத்தைச் சிவப்பிரகாசம் சாரிடம் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

அவர் பார்த்தார். "என்னோடதுதான்" என்றார்.

நடுவர் தன் அட்டையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு எண் எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் கேட்டார். "அந்த டயல் எழுத்தை எப்படிம்மா நிக்க வெச்சீங்க?"

"நானா வெக்கல சார். அதுவா படுத்துச்சு. நான் காத்துகினு இருந்தேன்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். மறுபடி மாட்ட வேண்டுமே என்று நான் உட்கார்ந்தபோது, நட்டுகளை வைக்க இடமில்லாமல் தேடினேன். "இங்க குடுங்க" என்று அவர் கையை நீட்டினார். கோட்டு போட்ட அந்த மனிதர் வெயிலில் குனிந்து நின்று, உள்ளங்கையைக் குவித்து, இரண்டு நட்டையும் இரண்டு குமிழையும் ஏந்திக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த கார்க்காரர்கள் காத்திருந்தார்கள். "எதும்மா மொதல்ல?" என்று கேட்டு, நான் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானம் மைக்கில் அறிவித்தார்கள். ஒரிஜினல் பிரிவில் முதல் பரிசு பச்சைக் காருக்கு. அதோடு நிற்காமல் நடுவர் மைக்கை வாங்கி, "இதுல ரேடியோ முகப்பை மீட்டது செங்கல்பட்டு ஜெயராணி. அவங்க வேலையைப் புதுசுன்னு நான் தப்பா நினைச்சேன். அதுக்கு மேல ஒரு பாராட்டு எனக்குத் தெரியல" என்றார். ஸ்டெல்லா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கோப்பையோடு சிவப்பிரகாசம் சார் எங்களிடம் வந்தார். ரஹீம் அவரை வழிமறித்தார். குரலை உயர்த்தவில்லை. "சார், மொதல்ல அக்காகிட்ட பேசுங்க."

அவர் தொப்பியை எடுத்தார். காலையில் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். "நாலு பேர் முன்னால தப்பாப் பேசிட்டேம்மா. அவங்க முன்னாலயே சொல்றேன். மன்னிச்சிடுங்க" என்றார்.

காலையில் 'இந்தம்மா' என்று கை நீட்டியவர் இவர்தான். நான் சரி என்றேன். அவர் போகாமல் நின்றார்.

"வீட்ல இன்னொரு கார் இருக்கு. எங்கப்பா ஓட்டினது. அதுலயும் ரேடியோ இருக்கு. ரெண்டு மாசத்துல முடிச்சுத் தருவீங்களா?"

நான் ரஹீமைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி, யாருடைய காரையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசத்துல ஆவாது சார்" என்றேன். "ஆறு மாசம். உப்பு எறங்கணும், பெயிண்டு காயணும். நடுவுல போன் போட்டு அவசரப்படுத்தக் கூடாது."

"சரிம்மா."

"உங்க டிரைவர் கை படக் கூடாது."

"பக்கத்துலயே விட மாட்டேன்."

மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கிப் பட்டறைக்கு நடந்தேன். கேட் இன்னும் திறக்கவில்லை. துண்டில் சுற்றிய ரேடியோவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு முன்பே வந்து, வாசலில் சிவப்பிரகாசம் சார் நின்றுகொண்டிருந்தார்.